கோமா நோயாளிக்கு பிஸ் மானிட்டர்: அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஐசியுவில் வென்டிலேட்டரோடு படுத்திருப்பவரின் நெற்றியில் நான்கு வட்டம் போட்ட ஒரு ஸ்டிக்கர், அதிலிருந்து ஒரு கேபிள், திரையில் 0 முதல் 100 வரை ஏறி இறங்கும் ஒரே ஓர் எண். மூளையின் மின்னலைகளை நெற்றியிலிருந்து எடுத்து ஓர் எண்ணாக மாற்றும் கருவி இது; பைஸ்பெக்ட்ரல் இண்டெக்ஸ் என்பது முழுப்பெயர். வார்டில் எல்லோருக்கும் அது வெறும் பிஸ். அமெரிக்காவின் ஆஸ்பெக்ட் மெடிக்கல் சிஸ்டம்ஸ் உருவாக்கி, 1996-இல் அந்நாட்டு மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்ற கருவி. 2009-இல் கோவிடியன் கம்பெனியின் கைக்குப் போனது. 2015-இல் கோவிடியனோடு சேர்ந்து மெட்ரானிக்கிடம் வந்தது. ஆபரேஷன் தியேட்டருக்காகப் பிறந்தது இது. அங்கே 40-க்கும் 60-க்கும் இடையில் எண் நின்றால் நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறார், அறுவை நடக்கலாம் என்று பொருள்.

தியேட்டரிலிருந்து அது ஐசியுவுக்கு நகர்ந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. தலைக்காயம், பக்கவாதம், இதயம் நின்று மீண்டவர், விஷம் குடித்தவர் என்று எல்லோர் நெற்றியிலும் ஒட்டி, ‘கோமா எவ்வளவு ஆழம்?’, ‘மூளை இருக்கிறதா, போய்விட்டதா?’ என்று அதே எண்ணிடம் கேட்கிறார்கள். எங்கள் மதிப்பீடு நேரடியானது. தூக்க மருந்து அளவைச் சரிபார்க்கவும், மூளையை மருந்தால் அடக்கி வைக்கும் சிகிச்சையைக் கண்காணிக்கவும் இந்தக் கருவி கொடுத்த காசுக்கு உழைக்கும். கோமாவின் காரணம் என்ன, மீள்வாரா என்ற கேள்விகளுக்கு அரைகுறைப் பதில்தான் தரும். மூளைச்சாவு விஷயத்தில் அதை எடுத்து ஓரம் வைத்துவிடுவதே நல்லது.

எண் எப்படி உருவாகிறது என்று தெரியாமல் இதை வாங்குவதில் அர்த்தமில்லை. முழுச் சூத்திரம் கம்பெனி ரகசியம். வெளியே தெரிந்தவரை அதன் உறுப்புகள் சில. லேசான மயக்கத்தில் 30 முதல் 47 ஹெர்ட்ஸ் வரையிலான வேக அலைகளின் வலுவை, 11 முதல் 20 ஹெர்ட்ஸ் அலைகளின் வலுவோடு ஒப்பிடுகிறது. மயக்கம் ஆழமாகும்போது அலைகளுக்குள் உள்ள ஒத்திசைவைக் கணக்கில் எடுக்கிறது. இன்னும் ஆழத்தில், அலை அடங்கிக் கிடக்கும் நேரத்தை எண்ணத் தொடங்குகிறது. ஏறத்தாழ 5 மைக்ரோவோல்ட்டுக்குள் சுருங்கி அரை விநாடிக்கு மேல் அப்படியே கிடந்தால் அதை ‘அடக்கம்’ என்று குறித்துக்கொள்ளும். கடைசி 63 விநாடிகளில் எத்தனை சதவீதம் அப்படிக் கிடந்தது என்பதுதான் திரையில் எஸ்ஆர் என்று தெரியும் சப்ரெஷன் ரேஷியோ. எஸ்ஆர் 40-ஐத் தாண்டியபின் கணக்கு எளிது: 50-இலிருந்து எஸ்ஆரில் பாதியைக் கழித்தால் பிஸ். எஸ்ஆர் 60 என்றால் பிஸ் 20, எஸ்ஆர் 80 என்றால் பிஸ் 10, எஸ்ஆர் 100 என்றால் பிஸ் 0. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தைப் பற்றிப் பேசும்போது திரும்பத் தேவைப்படும்.

இரண்டு விஷயம் இதிலிருந்தே விளங்கிவிடும். ஒன்று, திரையில் இருக்கும் எண் இந்த நொடியின் எண் அல்ல. சராசரி எடுப்பதற்கே 15 அல்லது 30 விநாடி போகிறது. நிலை சட்டென்று மாறினால் எண் பின்தொடர இரண்டு நிமிடம்கூட ஆவதுண்டு. இரண்டு, கணக்கு முழுவதும் மயக்க மருந்து வாங்கியவர்களின் அலைகளைத் திரட்டி அதன்மேல் கட்டியது. அடிபட்ட மூளையின் அலை அந்தத் திரட்டுக்குள் இல்லை. அதனால் கோமா நோயாளியிடம் கருவி காட்டும் 45, தியேட்டரில் காட்டும் அதே 45 அல்ல.

ஒட்டும் வேலையில்தான் பாதி வெற்றி. நெற்றியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து நன்றாக உலர விட வேண்டும். எண்ணெய்ப் பசை, வியர்வை, திருநீறு எல்லாமே மின்தடையை ஏற்றும். முதல் வட்டம் நெற்றி நடுவில், மூக்குத் தண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மேலே. நான்காவது புருவத்துக்கு நேர் மேலே, புருவத்தை ஒட்டினாற்போல். மூன்றாவது பொட்டில், கண்ணின் கடைக்கோடிக்கும் முடி தொடங்கும் இடத்துக்கும் நடுவே. இரண்டாவது தானாகவே இடையில் வந்து அமரும். ஓரங்களை முதலில் அழுத்தி, பிறகு ஒவ்வொரு வட்டத்தையும் 5 விநாடி விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வட்டத்தின் நடுவில் ஓங்கி அழுத்தினால் ஜெல் பிதுங்கி ஓரத்துக்குப் போகும். அதனால்தான் ஓரம் முதலில். மின்தடை 7.5 கிலோஓமுக்குள் இருக்க வேண்டும். கிரவுண்ட் எலக்ட்ரோடுக்கு மட்டும் 30 வரை அனுமதி. சென்சார் சோதனையில் எல்லாம் பாஸ் என்று வந்தபின்தான் எண்ணைப் பார்க்க வேண்டும்.

தலைக்காயக்காரர்களுக்கு இதில் தனிச் சங்கடம். நெற்றியில் தையலோ வீக்கமோ இருந்தால் மறுபக்கம் ஒட்டுவார்கள். ஆனால் அடிபட்ட பக்கத்தின் கதை அப்போது திரைக்கு வராது. மண்டையோட்டு எலும்பை எடுத்த இடத்தில் ஒட்டினால் அலை இயல்பைவிடப் பெரிதாகத் தெரியும், ஏனெனில் எலும்பு என்ற தடுப்பு இல்லை. தோலுக்கடியில் ரத்தமோ நீரோ தேங்கியிருந்தால் அலை சிறுத்துத் தெரியும், கருவி அதை அடக்கம் என்று எண்ணிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. எந்தப் பக்கம் ஒட்டினார்கள், ஏன் அந்தப் பக்கம் என்பதை சார்ட்டில் எழுதுவது அவசியம். அடுத்த ஷிஃப்டில் பக்கம் மாறினால் எண்ணும் மாறும், அதை நோயாளி மாறிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

எண்ணைப் படிக்கும் முன் அதன் அருகில் இருக்கும் இரண்டு பட்டைகளைப் படிக்க வேண்டும். எஸ்க்யூஐ என்பது சிக்னலின் தரம். 50-க்குக் கீழே போனால் எண்ணை நம்ப வேண்டாம், 15-க்குக் கீழே போனால் கருவியே எண்ணைக் காட்டாது. ஈஎம்ஜி என்பது தசையின் மின்சாரம். 30 டெசிபலுக்குக் கீழே இருந்தால் நல்லது. ஐசியுவில் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஈஎம்ஜிதான். நெற்றித் தசையின் மின் துடிப்பு ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸிலிருந்தே தொடங்குகிறது. பிஸ் தேடும் வேக அலையும் 30 முதல் 47 வரை. கருவியால் இரண்டையும் முழுமையாகப் பிரிக்க முடியாது. நோயாளி டியூபைக் கடித்தாலோ நடுங்கினாலோ, நர்ஸ் சளியை உறிஞ்ச சக்‌ஷன் போட்டாலோ எண் 40-இலிருந்து 70-க்குத் தாவும். மூளை விழித்ததால் அல்ல, புருவம் சுருங்கியதால்.

இதற்கு நேரெதிரான குழியும் உண்டு. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மயக்க மருந்து துளியும் இல்லாமல் முழு விழிப்பில் இருந்த 10 தன்னார்வலர்களுக்குத் தசை தளர்த்தும் மருந்து மட்டும் கொடுத்தார்கள். பிஸ் எண் 44 வரை இறங்கியது. அறுவைக்குப் போதும் என்று சொல்லும் எல்லைக்குள், நினைவு சற்றும் குறையாத மனிதர்கள்! தசை தளர்த்தி ஓடிக்கொண்டிருக்கும் ஐசியு நோயாளியின் எண் 50 என்பதால் அவருக்குத் தெரியாது, வலிக்காது என்று முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மருந்துகளும் எண்ணோடு விளையாடும். கீட்டமைன் என்ற மயக்க மருந்து வேக அலைகளைக் கூட்டும், அதனால் நோயாளி ஆழமாகப் போனாலும் எண் ஏறும். டெக்ஸ்மெடடோமிடின் என்ற தூக்க மருந்து இயற்கைத் தூக்கத்தைப் போன்ற அலையைத் தரும். எண் கீழே நிற்கும், ஆனால் தட்டிக் கூப்பிட்டால் கண் திறப்பார். உடல் சூடு குறைந்தாலும் சர்க்கரை குறைந்தாலும் எண் இறங்கும். சிலருக்குப் பிறவியிலேயே மூளை அலையின் உயரம் குறைவு. விழித்திருக்கும்போதே எண் 40-ஐக் காட்டிய ஒருவர் 1998-இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறார். பேஸ்மேக்கர், சூடான காற்றூதும் போர்வை, அதிரும் ஏர் பெட் ஆகியவை கலக்கும் இரைச்சல் தனி.

இனி கோமா. தலை முழுக்க எலக்ட்ரோடு ஒட்டி மூளை மின்னலையைப் பதியும் முழு ஈஈஜியில் கோமா என்பது ஒரே படம் அல்ல. கல்லீரல், சிறுநீரகக் கோளாறில் மூன்று கட்டமாக எழுந்து விழும் டிரைஃபேசிக் அலைகள் வரும். தூக்க மருந்து அதிகமானால் நெற்றிப் பக்கம் வேக பீட்டா அலை மிதக்கும். இதயம் நின்று மீண்டவரில் சிலருக்கு 8 முதல் 13 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை தலை முழுக்க, முன்பக்கம் தூக்கலாக ஓடும். பார்வைக்கு விழித்திருப்பவரின் அலையைப் போல இருக்கும், ஆனால் கைதட்டினாலும் நகத்தை அழுத்தினாலும் இம்மியும் மாறாது. ஆல்ஃபா கோமா என்பது இதுதான். தூக்கத்தில் வரும் ஸ்பிண்டில் அலைகள் ஓடும் ஸ்பிண்டில் கோமா வேறு. தூண்டும்போது அந்த அலை மாறினால் நம்பிக்கை தரும். இத்தனையையும் பிஸ் ஒரு எண்ணாக மடித்துவிடுகிறது. ஆல்ஃபா கோமாவில் எண் கௌரவமாகவே நிற்கக்கூடும். நெற்றியில் மட்டும் ஒட்டிய கருவியை வைத்து மூளை முழுவதையும் அறியப் பார்ப்பது, திண்ணையில் உட்கார்ந்து கொல்லைப்புறத்தில் யார் அழுகிறார்கள் என்று சொல்வதைப் போல.

வெளியே தெரியாத வலிப்புதான் இதில் மிகப் பெரிய ஓட்டை. கை கால் உதறல் எதுவும் இல்லாமல் மூளைக்குள் மட்டும் வலிப்பு ஓடும். அப்படி எந்த அறிகுறியும் தெரியாத 236 கோமா நோயாளிகளை ஈஈஜியில் பார்த்த 2000-ஆம் ஆண்டு ஆய்வில் 8 சதவீதம் பேருக்கு ஓயாத வலிப்பு ஓடிக்கொண்டிருந்தது. 570 பேருக்குத் தொடர் ஈஈஜி வைத்த 2004 ஆய்வில் 19 சதவீதம் பேரிடம் வலிப்பு தென்பட்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெளியே ஒன்றும் தெரியவில்லை. கோமாவில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முதல் வலிப்பு 24 மணி நேரத்துக்குப் பிறகே அகப்பட்டது. பிஸ் இங்கே எந்தப் பக்கமும் போகலாம்: வலிப்பு ஓடும்போது எண் ஏறலாம், அது முடிந்ததும் சரியலாம், பின்மண்டையிலோ பொட்டின் ஆழத்திலோ ஓடினால் ஒன்றுமே தெரியாமல் போகலாம். கோமாவுக்குக் காரணம் தெரியவில்லை என்றால் நெற்றி ஸ்டிக்கரோடு நிற்காமல் டெக்னீஷியனைக் கூப்பிட்டு 21 எலக்ட்ரோடு போடச் சொல்வதே சரி. பத்து எலக்ட்ரோடு கொண்ட பட்டையைத் தலையில் கட்டும் செரிபெல் போன்ற அவசரக் கருவிகள் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கும். உச்சந்தலையின் நடுக்கோடு மட்டும் அவற்றில் விட்டுப்போகும்.

மீள்வாரா என்ற கேள்விக்கும் எண் போதாது. இதயம் நின்று மீண்டவர்களுக்கு ஐரோப்பிய வழிகாட்டி 2021-இல் வகுத்த முறைப்படி, 72 மணி நேரம் கழிந்தும், மற்ற குழப்பங்கள் நீங்கியும், கிளாஸ்கோ கோமா அளவுகோலின் கைகால் அசைவுப் புள்ளி (6-க்கு) 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் மீளமாட்டார் என்ற பேச்சே தொடங்கும். அதற்குமேல் பல சான்றுகளில் குறைந்தது இரண்டு வேண்டும்: வெளிச்சத்துக்குக் கண்மணியும், கருவிழியைத் தொட்டால் இமையும் இரண்டு பக்கமும் அசையாமை, கையில் மின்தூண்டல் கொடுத்தால் மூளையில் எழ வேண்டிய என்20 அலை இருபுறமும் இல்லாமை, 24 மணி நேரத்துக்குப் பின் மிகக் கெட்ட ஈஈஜி, சேதமான நரம்புச் செல்லிலிருந்து ரத்தத்தில் கசியும் என்எஸ்இ அளவு லிட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டுதல், மயோக்ளோனஸ் என்ற ஓயாத தசை வெட்டு, ஸ்கேனில் பரவலான சேதம். பிஸ் இந்தப் பட்டியலில் இல்லை.

பாராட்ட வேண்டிய இடம் பர்ஸ்ட் சப்ரெஷன். அடங்காத வலிப்புக்கும், மற்ற மருந்துக்கு அசையாத மண்டை உள் அழுத்தத்துக்கும் தயோபென்டோன் என்ற மயக்க மருந்தை ஓடவிட்டு மூளையை அடக்குவார்கள். அலை வெடித்து எழும், பல விநாடி தட்டையாகும், மறுபடி வெடிக்கும். நர்ஸுக்குக் கையில் ஓர் அளவுகோல் வேண்டும். ஈஈஜி படிக்கத் தெரிந்தவர் இரவு 3 மணிக்கு இருக்க மாட்டார். எஸ்ஆர் 60-க்கும் 80-க்கும் இடையில் நிற்கட்டும், அதாவது பிஸ் 10-க்கும் 20-க்கும் இடையில், என்று எழுதிவைத்தால் மருந்து பம்பை ஏற்றவும் இறக்கவும் வழி கிடைக்கும். எஸ்ஆர் 95-ஐத் தொட்டால் மருந்து தேவைக்கு மேல் ஓடுகிறது, ரத்த அழுத்தம் விழப்போகிறது. இங்கே எண்ணைவிட எஸ்ஆரே நேர்மையான அளவு, ஏனென்றால் அது அலையை எண்ணுகிறது, எடைபோடவில்லை. ஆனாலும் நாளுக்கொரு முறையாவது முழு ஈஈஜியோடு ஒப்பிட வேண்டும்; அந்த வெடிப்புகளுக்குள்ளேயே வலிப்பு ஒளிந்திருக்கலாம்.

இப்போது பூஜ்யம். எண் 0 என்றால் கணக்குப்படி எஸ்ஆர் 100. அதாவது கடந்த 63 விநாடி, நெற்றியின் ஒரு பக்கத்தில், அலை ஏறத்தாழ 5 மைக்ரோவோல்ட்டுக்குள் இருந்தது. இவ்வளவுதான் அதன் பொருள். தயோபென்டோனிலும் அது வரும், புரோபோஃபால் மயக்க மருந்து அளவுக்கு மீறினாலும் வரும், உடல் மிகவும் குளிர்ந்துபோனாலும் வரும். மூளையில் மின்சாரமே இல்லை என்று ஈஈஜியில் சொல்வதற்கோ எல்லை 2 மைக்ரோவோல்ட், நேரம் 30 நிமிடம், இடம் தலை முழுவதும். இரண்டும் வேறு வேறு சோதனை. மூளைச்சாவு அடைந்தவரிடம் எண் பூஜ்யத்துக்குப் போகாமல் 10, 20, அதற்கு மேலும் நிற்பதும் உண்டு: இதயத் துடிப்பின் மின்சாரம் நெற்றிவரை ஏறும், ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் தலை நுண்ணிதாக ஆடும், வென்டிலேட்டர் அதிரும். மூளை அலை தட்டையானதும் இந்தத் தூசியெல்லாம் அலையாகத் தெரியும். ஆகவே பூஜ்யம் இல்லை என்பதால் மூளை பிழைத்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

முறையான தட்டை ஈஈஜி எடுப்பது எப்படி என்று பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தலையில் குறைந்தது 8 எலக்ட்ரோடு. ஜோடி சேர்க்கும் எலக்ட்ரோடுகளுக்கு இடையே குறைந்தது 10 செ.மீ. தூரம், ஏனெனில் நெருங்கிய இரண்டுக்கு நடுவே உள்ள சிறு வேறுபாடு மங்கிவிடும். மின்தடை 10,000 ஓமுக்குக் கீழே, 100 ஓமுக்கு மேலே. கீழ் எல்லை எதற்கென்றால், பேஸ்ட் வழிந்து இரண்டு எலக்ட்ரோடும் ஒட்டிக்கொண்டால் மின்தடை சுருண்டுவிடும், படமும் பொய்யாகத் தட்டையாகும். உணர்திறன் மில்லிமீட்டருக்கு 2 மைக்ரோவோல்ட் என்று வைத்து 30 நிமிடம் ஓட்ட வேண்டும். மேல் வடிகட்டியை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கக் கூடாது, கீழ் வடிகட்டியை 1 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றக் கூடாது. ஒவ்வொரு எலக்ட்ரோடையும் பஞ்சுக் குச்சியால் தட்டி, திரையில் அந்த இடத்தில் அசைவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் தட்டையாக இருப்பது மூளை அல்ல, கம்பி. ஈசிஜி சேனல் கட்டாயம். புறங்கையில் இரண்டு எலக்ட்ரோடு ஒட்டினால் அறையின் மின் இரைச்சல் எது என்று பிரித்துவிடலாம்: கையிலும் தலையிலும் ஒரே அலை என்றால் அது சுவரிலிருந்து வருவது. டிரிப் சொட்டுகூட அலையாக விழும். ஏர் பெட்டின் பிளக்கை அந்த அரை மணிக்காவது பிடுங்கிவிடுங்கள். வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய நீரை வடித்துவிட்டுத் தொடங்குங்கள். கடைசியில் ஓங்கிக் கூப்பிட்டு, கைதட்டி, வலி கொடுத்து, கண்ணில் வெளிச்சம் காட்டி அலை அசையவில்லை என்பதையும் பதிய வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் இந்தியாவில் மூளைச்சாவுச் சான்றிதழுக்கு ஈஈஜி தேவையே இல்லை. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் பேசுவது மூளைத்தண்டின் சாவைப் பற்றி. ஈஈஜி காட்டுவதோ மேல்மூளைப் புறணியின் மின்சாரத்தை. சட்டம் கேட்பது நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை முழுப் பரிசோதனை, 2014 விதிகளின் படிவம் 10-இல் கையெழுத்து. உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவினர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. பரிசோதனை என்பது வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குவது, கருவிழியைத் தொட்டால் இமை மூடுவது, காதில் குளிர்நீர் விட்டால் கண் அசைவது, இருமல், தொண்டை அசைவு, வலிக்கு முகம் சுளித்தல் ஆகியவற்றைப் பார்ப்பது. கடைசியில் மூச்சுச் சோதனை. முன்கூட்டியே 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, வென்டிலேட்டரைக் கழற்றி, 8 முதல் 10 நிமிடம் மார்பையும் வயிற்றையும் கண் எடுக்காமல் பார்த்து, ரத்தத்தில் கரியமில வாயு அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்தைத் தொட்டும் மூச்சு எழவில்லை என்பதை உறுதிசெய்வார்கள்.

நாட்டுக்கு நாடு இது மாறும். 1968-இல் ஹார்வர்டு குழு தட்டை ஈஈஜிக்கு உறுதிப்படுத்தும் மதிப்பு கொடுத்தது. ஜப்பான் இன்றும் கேட்கிறது. பிரான்சில் 4 மணி நேர இடைவெளியில் 30 நிமிட ஈஈஜி இரண்டு, அல்லது ரத்தக்குழாய்ப் படம். அமெரிக்கச் சங்கங்களின் 2023 வழிகாட்டியோ, துணைச் சோதனையாக ஈஈஜி வேண்டாம், மூளைக்கு ரத்தம் போகிறதா என்று காட்டும் சோதனையை எடுங்கள் என்கிறது. எந்த நாட்டு முறையிலும் நெற்றி எண்ணுக்கு இடமில்லை.

இருந்தும் நம் பக்கத்தில் ஈஈஜி உயிரைக் காக்கும் ஓர் இடம் உண்டு. கட்டுவிரியன் கடி. விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தைப் பூட்டிவிடும். கடி வலிக்காது, பல் தடம் தெரியாது, தரையில் தூங்கியவர் காலையில் இமை தொங்கி, மூச்சு நின்று வருவார். கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாது, இருமல் இல்லை, வலிக்கு அசைவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் மூளைச்சாவுக்கான எல்லா அடையாளமும் பொருந்தும். ஆனால் மூளை முழு விழிப்பில் இருக்கும். அருகில் பேசுவது எல்லாம் காதில் விழும். ஈஈஜி போட்டால் இயல்பான ஆல்ஃபா ஓடும், இமையைத் திறந்து பிடித்தால் அது அடங்கும். இந்த நோயாளிக்கு பிஸ் வைத்தால்? நெற்றித் தசையும் பூட்டிக் கிடப்பதால், 2015 ஆய்வின் தன்னார்வலர்களைப் போலவே எண் தாழ்ந்து ஆழ்ந்த மயக்கம் என்று காட்டக்கூடும். காரணம் தெரியாமல், ஸ்கேனும் சுத்தமாக இருந்து, மூளைத்தண்டு அசைவு ஏதும் இல்லாத ஒருவரிடம் முதலில் கடியை நினைக்க வேண்டும். அடுத்து தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென் மருந்து அளவு மீறியதை, நரம்புகளைத் தாக்கி உடலை முடக்கும் கில்லன் பாரி நோயை, மீதமிருக்கும் தசை தளர்த்தியை. பேக்லோஃபெனில் ஈஈஜியே பர்ஸ்ட் சப்ரெஷனாக வரும், பின் சில நாளில் எழுந்து உட்காருவார்கள்.

உறவினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பார்வை நேரத்தில் திரையைப் பார்த்து, ‘அப்பா கிட்ட பேசினேன், 38 இருந்தது 61 ஆச்சு’ என்று நம்பிக்கை வைப்பதும், எண் விழுந்தால் உடைந்துபோவதும் எல்லா ஐசியுவிலும் நடக்கிறது. எண் ஏறியபோது ஈஎம்ஜி பட்டையும் சேர்ந்து ஏறியதா என்று நர்ஸிடம் கேளுங்கள். பெரும்பாலும் அதுவே பதில். அதற்காகப் பேசுவதை நிறுத்த வேண்டாம். கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரை மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனிலும், கணினி ஆய்வோடு கூடிய ஈஈஜியிலும் சோதித்து 2024-இல் வந்த ஆய்வில், 60 பேரின் மூளை சொன்னதைக் கேட்டுச் செயல்பட்டது தெரிந்தது. ஆனால் அதைக் கண்டுபிடித்தது நெற்றி ஸ்டிக்கர் அல்ல, படுக்கையருகே எடுக்கும் சாதாரண ஈஈஜியும் அல்ல. மூளைச்சாவு உறுதியானவர்களுக்கும் இது பொருந்தாது.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் முழு ஈஈஜி இயந்திரமும் அதைக் கையாளத் தெரிந்த டெக்னீஷியனும் இல்லை என்றால் முதலில் அதற்குச் செலவு செய்யுங்கள், பிஸ் பிறகு. இரண்டுக்கும் வசதி இருந்தால், தனி மானிட்டரா, இருக்கும் படுக்கை மானிட்டரில் செருகும் மாட்யூலா என்று கேட்பார்கள். மாட்யூலில் இடம் மிச்சம், ஆனால் திரையில் எண் மட்டும் பெரிதாக நின்று அலை ஒரு மூலைக்குப் போய்விடும். அலை, எஸ்ஆர், எஸ்க்யூஐ, ஈஎம்ஜி நான்கும் ஒரே திரையில் வரும்படி அமைக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். திரை அலைக்கு வடிகட்டி போட்டிருந்தால் மெதுவான டெல்டா அலை சிறுத்துத் தெரியும். ஐசியுவில் அதை அணைத்து வைப்பதே மேல். வலது இடது இரண்டையும் தனித்தனியே காட்டும் இருபக்க சென்சாரும் இருக்கிறது; தலைக்காயமும் பக்கவாதமும் அதிகம் வரும் இடத்துக்கு அதுவே பொருத்தம்.

கருவியைவிட ஸ்டிக்கர்தான் பின்னால் செலவு வைக்கும். ஒரு முறை மட்டும் ஒட்ட வேண்டியது, 24 மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. காய்ந்த ஸ்டிக்கரில் புது ஜெல்லைத் தடவி அடுத்த நோயாளிக்கு ஒட்டும் பழக்கம் இருக்கிறது. தொற்று ஒருபக்கம், ஜெல் வட்டத்தை விட்டு வழிந்தால் இரண்டு எலக்ட்ரோடு இணைந்து அலை தட்டையாவது மறுபக்கம். அப்படித் தட்டையான அலையைக் கருவி எஸ்ஆரில் சேர்த்துவிடும், எண் பொய்யாக விழும். ஒட்டிய தேதியையும் மணியையும் ஸ்டிக்கரின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். டெமோ காட்ட வருபவர் தியேட்டருக்குள் கூட்டிப்போக ஆசைப்படுவார். வேண்டாம், ஏர் பெட்டும் வென்டிலேட்டரும் இரண்டு பம்பும் ஓடிக்கொண்டிருக்கும் ஐசியு படுக்கையில், தசை தளர்த்தி வாங்காத நோயாளிக்கு ஒட்டி ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள்.